பிரெஞ்சு பரீட்சைக்கு வாயும் காதும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தத படிச்சேன். காலேஜ்ல பார்ட் ஒன் லாங்குவேஜா பிரெஞ்சு எடுக்குற பசங்க எல்லாரும் மார்க்குக்காகத்தான் எடுக்குறாங்க, ரெண்டு வருஷம் படிச்சும் ஒரு வார்த்தை பேச வரல, அதனால அதையே தூக்கிட்டு எல்லாருக்கும் தமிழ கட்டாயமாக்கணும்னு அவர் எழுதியிருந்தார். நான் பிரெஞ்சு சொல்லிக் குடுக்குறவ. புதுச்சேரியில பொறந்து அங்கயே ஒரு அரசு காலேஜ்ல பிஏ பிரெஞ்சு, அப்புறம் எம்ஏ முடிச்சு, இப்ப விழுப்புரம் மாவட்டத்துல ஒரு கலை அறிவியல் காலேஜ்ல வேலை பாக்குறேன். அவர் சொன்னதுல முதல் பாதி உண்மை, அத மூடி மறைச்சு யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. ரெண்டாவது பாதியத்தான் என்னால ஏத்துக்க முடியல, ஏன்னா கோளாறு அந்த பாஷையில இல்ல, அதுக்கு நாம வைக்கிற பரீட்சையில இருக்கு.

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன். நம்ம ஊர் யுனிவர்சிட்டிகள்ல பிஏ, பிஎஸ்சி சேர்றவங்க பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷம், அதாவது நாலு செமஸ்டர், பார்ட் ஒன்னுன்னு ஒரு மொழி படிச்சாகணும். தமிழ், ஹிந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு இப்படி காலேஜ்ல எது இருக்கோ அதுல ஒண்ணு. பார்ட் டூ இங்கிலீஷ், பார்ட் த்ரீ மெயின் சப்ஜெக்ட். தமிழ் எடுக்காதவங்களுக்கு பார்ட் ஃபோர்ல அடிப்படைத் தமிழ் இல்ல அட்வான்ஸ்ட் தமிழ்னு ரெண்டு செமஸ்டர் வரும். பிரெஞ்சையே மெயினா எடுத்து பிஏ படிக்கணும்னா அதுக்கு இருக்கிற காலேஜ் ரொம்ப கம்மி, எங்க மாவட்டம் மாதிரி இடத்துல ஒரு பையனோ பொண்ணோ யுனிவர்சிட்டி லெவல்ல பிரெஞ்ச தொடணும்னா இந்த பார்ட் ஒன் ஒண்ணுதான் வழி. அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதுறேன்.

இப்ப கொஸ்டின் பேப்பர் எப்படி இருக்கும்னு பாருங்க. பாடத்துலேருந்து ஒரு பத்தி குடுத்து இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க சொல்வாங்க. ஒருமைய பன்மையா மாத்து, எதிர்மறையா எழுது, இறந்தகாலத்துல போடு, கோடிட்ட இடத்த நிரப்பு. ஃப்ரெண்டுக்கு லீவுக்கு வரச் சொல்லி ஒரு லெட்டர், ஹோட்டல்லயோ ரயில்வே ஸ்டேஷன்லயோ நடக்குற மாதிரி ஒரு உரையாடல். அந்த லெட்டரும் உரையாடலும் கைடுல அச்சடிச்சு இருக்கும், பசங்க அத எழுத்து எழுத்தா மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க, மொழிபெயர்ப்பு பத்தியோட இங்கிலீஷும் அதே கைடுலயே இருக்கும். மூணு மணி நேரம், 75 மார்க், அதோட இன்டர்னல் 25. இந்த நாலு செமஸ்டர்லயும் ஒரு தடவை கூட வாயத் திறந்து பேசுறதுக்குன்னு ஒரு மார்க் கிடையாது, காதால கேட்டு பதில் சொல்றதுக்கும் கிடையாது. ஒரு மொழிக்கான பேப்பர்ல ஊமையா செவிடா இருந்தாலும் முழு மார்க் வாங்கலாம்னா அந்த பேப்பர் எத அளக்குது?

போன வருஷம் பிகாம் ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான். பிளஸ் டூவுல பிரெஞ்சுல 97 மார்க், நல்ல கெட்டிக்காரன். நான் கிளாஸ் சுவர்ல இருந்த கடிகாரத்த காட்டி மணி என்னன்னு பிரெஞ்சுல கேட்டேன், முதல் பாடத்துலயே வர்ற கேள்வி அது, கெல் எர் எத்தில். அவன் என்னையே பாத்துட்டு நின்னான். இன்னொரு தடவை மெதுவா கேட்டேன், அப்பவும் அதே. அப்புறம் அவனே, மேம் அத போர்டுல எழுதிடுங்களேன்னான். எழுதினேன். எழுதின உடனே முகம் தெளிஞ்சு போச்சு, ஓ இதுவா மேம்னு சாக்பீஸ வாங்கி பத்தேகால்னு பிரெஞ்சுல ஒரு புள்ளி பிசகாம பதில் எழுதினான், ஸ்பெல்லிங் எல்லாம் சரி. நீயே எழுதினத வாசின்னு சொன்னேன், இங்கிலீஷ் வாசிக்கிற மாதிரி எல்லா எழுத்தையும் உச்சரிச்சு வாசிச்சான். ரெண்டு வருஷம் அவனுக்கு பிரெஞ்சு கண்ணு வழியா மட்டும்தான் உள்ள போயிருக்கு. அவன குறை சொல்ல எனக்கு மனசு வரல, அவன்கிட்ட யாரும் வேற எதையும் கேட்டதே இல்ல.

வேற மொழியா இருந்தா கண்ணால படிச்சு ஓரளவு சமாளிக்கலாம், பிரெஞ்சுல அது நடக்காது. எழுதுறது ஒண்ணு, சொல்றது வேற. அவன் பேசுறான், அவங்க பேசுறாங்க, ரெண்டையும் வேற வேற ஸ்பெல்லிங்ல எழுதணும், மொத்தம் மூணு எழுத்து வித்தியாசம் வரும், ஆனா காதுல ரெண்டும் ஒரே மாதிரி இல் பார்ல்னுதான் விழும். தண்ணிக்கு எழுத்து மூணு, சத்தம் வெறும் ஓ. நிறையன்றதுக்கு எட்டு எழுத்து எழுதிட்டு போகூன்னு நாலு சத்தத்தோட முடிச்சுடுவாங்க. இது போதாதுன்னு பேச்சுல பாதி வார்த்தைய முழுங்கிடுவாங்க, எனக்குத் தெரியாதுன்னு புஸ்தகத்துல நாலு வார்த்தையா இருக்கிறத பாரிஸ் ஆளு ஷே பான்னு ரெண்டு அசையில சொல்லிட்டு போயிட்டே இருப்பான். காதுக்கு பழக்கமே குடுக்காம நாலு செமஸ்டர் முடிச்ச பிள்ளைக்கு இது எப்படி புரியும்?

இந்த இடத்துலதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். ஏன்னா பிரெஞ்சு பேசுறதுக்கு தமிழ் பிள்ளைங்க மாதிரி வசதி உள்ளவங்க கம்மி. நான் இத வாய்ச்சவடாலா சொல்லல, வருஷக்கணக்கா கிளாஸ்ல பாத்துட்டு சொல்றேன். பிரெஞ்சுல மூக்கால வர்ற உயிர் ஒலிகள்னு இருக்கு, இங்கிலீஷ்காரங்க அதுக்கு திணறுவாங்க. நாம பேசும்போது மரம், பணம்னு சொல்றப்ப கடைசியில உதட்ட மூடுறோமா? வாசிக்கிறப்ப மூடுவோம், பேசுறப்ப மூடுறதே இல்ல, மூக்கு வழியா விட்டுடுறோம். அவன், வந்தான்னு சொல்றப்பவும் அப்படித்தான், நாக்கு மேல போய் ஒட்டாது. அதே மாதிரி ஒலிகள்தான் நல்லது, ரொட்டி, காற்றுன்றதுக்கு உள்ள பிரெஞ்சு சொற்கள்ல வர்றது. நீ அவன்னு சொல்ற மாதிரியே முடிடான்னு சொன்னா போதும், ரெண்டாவது நாளே சரியா சொல்லிடுறாங்க.

அடுத்து, தனியா சொன்னா கேக்காத ஒரு கடைசி எழுத்து, அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா திடீர்னு உயிர் வந்து ஒட்டிக்கும். நண்பர்கள்ன்றதுக்கு லே, ஆமின்னு பிரிஞ்சு கிடக்குறது சேந்தா லேஸாமி. இத இங்கிலீஷ்ல விளக்கணும்னா அரை மணி நேரம் ஆகும். ஆனா ஸ்கூல்ல தமிழ்ப் புணர்ச்சி விதி படிச்ச பிள்ளைகிட்ட மணின்ற சொல்லோட அடிச்சான் சேந்தா மணியடிச்சான்னு நடுவுல ஒரு ய எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா அவங்களே சிரிச்சுட்டு, ஓ ரெண்டு உயிர் மோதக்கூடாதுன்னுதானே மேம்ன்றாங்க. வினைச்சொல்லும் அதே கதைதான். இங்கிலீஷ்ல கம், கம்ஸ் ரெண்டோட முடிஞ்சு போச்சு. நாம வரேன், வர்ற, வரான், வரோம், வர்றீங்க, வராங்கன்னு ஆளுக்கு ஆள் வால மாத்திட்டே பேசுற ஜனம், பிரெஞ்சும் அப்படி மாத்துற பாஷை. நீ, நீங்க வித்தியாசமும் அப்படியே அங்க இருக்கு, யார்கிட்ட எத சொல்லணும்னு நம்ம பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல, ஆனா கைடுல ரெண்டுக்கும் நேரா யூன்னு ஒரே இங்கிலீஷ் வார்த்தைய போட்டு அந்த தெளிவையும் கெடுத்து வெச்சிருக்காங்க.

கஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். மேஜை பெண்பால், புஸ்தகம் ஆண்பால்னு சொன்னா அஃறிணையோட வளந்த பிள்ளைக்கு அதுல ஒரு நியாயமும் தெரியாது, அத ஒவ்வொரு சொல்லோடயும் சேத்து மனசுல ஏத்திக்கறத தவிர வேற வழி இல்ல. தொண்டையில உரசுற அந்த ர, உதட்ட குவிச்சு இ சொல்ற அந்த ஒலி, இதெல்லாம் வர ஒரு செமஸ்டராவது ஆகும். ஆனா வரும், வாய்விட்டு சொல்லவெச்சா வரும்.

எங்க ஊர்ல நான் பாத்த பிரெஞ்சு எல்லாம் வாயிலேருந்து வந்த பிரெஞ்சுதான். பிரெஞ்சு பட்டாளத்துல வேலை பாத்துட்டு பென்ஷனோட திரும்பி வந்தவங்கள எங்க தெருவுல சொல்தான்னுதான் கூப்பிடுவோம். அந்த மாதிரி வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க இருந்தாங்க, அஞ்சாவதோ என்னவோதான் படிப்பு, பிரெஞ்சுல ஒரு விண்ணப்பம் எழுதணும்னா எங்க வீட்டுக்கு வருவாங்க, ஆனா பென்ஷன் விஷயமா பிரான்சுக்கு போன் போட்டு அந்தப் பக்கம் இருக்கிற ஆபீசர்கிட்ட சரிக்கு சரி பேசி வேலைய முடிச்சுடுவாங்க. இலக்கணப் பிழை எத்தனையோ இருக்கும், காரியம் நடந்துடும். எம்ஏ படிச்ச எனக்கு அவங்க பேச்சு வேகம் வர பல வருஷம் ஆச்சு.

அதுக்கும் ரொம்ப முன்னாடி பாத்தா, புதுச்சேரியில துய்ப்ளேக்ஸ் பிரெஞ்சு கவர்னரா இருந்தப்ப அவர்கிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேருந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதினார், பிரெஞ்சுக்காரங்க என்ன பேசினாங்க, என்ன முடிவு எடுத்தாங்கன்னு நமக்கு தமிழ்லயே படிக்க கிடைக்குது. ரெண்டு பாஷையும் பேச்சுல புழங்கின ஆள் ஒருத்தர் இருந்ததால வந்த வரவு அது. அதுக்கு அப்புறம் 1954 நவம்பர் 1ல புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்து, 1956ல ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ல சட்டப்படி இணைஞ்சப்பவும், மக்கள் பிரதிநிதிகள் வேற முடிவு எடுக்குற வரைக்கும் பிரெஞ்சு அங்க ஆட்சி மொழியா தொடரும்னு அந்த ஒப்பந்தத்தோட 28வது பிரிவுல எழுதி வெச்சாங்க. இன்னிக்கும் புதுச்சேரியில பழைய சொத்துப் பத்திரம், பிறப்பு பதிவுன்னு எடுத்தா பிரெஞ்சுல இருக்கும், அத படிச்சு தமிழ்ல சொல்ல ஆள் தேடி வீடு வீடா அலையறவங்கள நான் பாத்திருக்கேன். பிரெஞ்சு சொல்லிக் குடுக்குற அலையன்ஸ் பிரான்சேஸ் அங்க 1889லேருந்து இருக்கு. சென்னைக்காரங்களுக்கு பிரெஞ்சு ஒரு வெளிநாட்டு பாஷையா தெரியலாம், எங்களுக்கு அது ரெண்டு தலைமுறை முன்னாடி வரைக்கும் ஆபீஸ் பாஷை.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்ப எதுக்கு பிரெஞ்சுன்னு கேப்பாங்க. ஓரகடத்துல ரெனோ, ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன், தேர்வாய் கண்டிகையில மிஷலின்னு பிரெஞ்சு கம்பெனிகள் சென்னைய சுத்தியே இருக்கு, ஐடி கம்பெனிகள்ல பிரெஞ்சு கஸ்டமர பாத்துக்க ஆள் கேக்குறாங்க, ஆனா இன்டர்வியூல முதல் கேள்வியே பிரெஞ்சுல வரும், அங்க நம்ம 97 மார்க் பையன் என்ன பண்ணுவான்? பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2030க்குள்ள வருஷம் 30,000 இந்திய மாணவர்கள் பிரான்ஸ்ல படிக்கணும்னு சொல்லியிருக்கார், இங்கிலீஷ்லயே கோர்ஸ் இருக்குன்னு போறவங்க நிறைய. பாரிஸ்ல லா ஷப்பெல் பக்கம் போனா ஈழத்தமிழர் கடைகள்ல தமிழ்லயே பேசி அரிசி பருப்பு வாங்கிடலாம், ஆனா விசா புதுப்பிக்கிற கவுன்டர்லயும் வீடு வாடகைக்கு பேசுற இடத்துலயும் டாக்டர்கிட்டயும் பிரெஞ்சு வேணும். கனடா 2023லேருந்து, அங்க குடியேற ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனி சுற்று நடத்துது, அதுக்கு கேக்குறது, பேசுறது, படிக்கிறது, எழுதுறது நாலுலயும் லெவல் 7 வாங்கணும். இத கேள்விப்பட்டு பெற்றோர் என்கிட்ட வந்து, என் பொண்ணு நாலு செமஸ்டர் பிரெஞ்சு முடிச்சிருக்கா, அப்ளை பண்ணலாமான்னு கேக்குறாங்க, பண்ண முடியாதும்மான்னு சொல்றப்ப அவங்க முகத்த பாக்கவே கஷ்டமா இருக்கு.

வேலை, விசா மட்டும்தான் காரணம்னு நினைச்சுடாதீங்க. நம்ம கோயில், நம்ம இலக்கியம் பத்தின எவ்வளவோ விஷயம் பிரெஞ்சுல கிடக்கு. புதுச்சேரி காலேஜ்ல வேலை பாத்த ழூவோ துப்ரேய் தென்னிந்தியக் கோயில் கட்டடக்கலைய பத்தி 1914லயே பிரெஞ்சுல எழுதிட்டார், பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோ 1968ல பரிபாடல பிரெஞ்சுக்கு கொண்டு போனார், பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1955லேருந்து ஓலைச்சுவடி, கல்வெட்டுன்னு வேலை பண்ணிட்டிருக்கு, புதுச்சேரியில இருக்கிற சைவச் சுவடித் தொகுப்பு 2005ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுலயே ஏறிடுச்சு. தமிழ் எம்ஏ, வரலாறு எம்ஏ படிக்கிற பிள்ளைங்க இதையெல்லாம் மூணாவது கையா இங்கிலீஷ் சுருக்கத்துலதான் படிக்கிறாங்க. பிரெஞ்சு இலக்கியத்த இங்கிலீஷ் வழியா போகாம நேரா தமிழுக்கு கொண்டு வந்தவர் வெ. ஸ்ரீராம், அவர் மாதிரி இன்னும் பத்து பேர் நமக்கு வேணும், அந்தப் பத்து பேர் எந்த கிளாஸ்லேருந்து வருவாங்க?

அதனால என்னோட கோரிக்கை இதுதான். பார்ட் ஒன் பிரெஞ்சுல, முதல் செமஸ்டர்லேருந்தே, பேசுறதுக்கும் கேக்குறதுக்கும் மார்க் வைங்க. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்கு பிராக்டிகல் இல்லாம டிகிரி குடுக்குறோமா? வெளி எக்ஸாமினர் வராங்க, பிள்ளை நேர்ல செஞ்சு காட்டுது, மார்க் போடுறாங்க. மொழிக்கு பிராக்டிகல்னா அது பேச்சுதான். உலகம் பூரா நடக்குற, பிரெஞ்சு எவ்வளவு தெரியும்னு பாக்குற டெல்ஃப் தேர்வுல கேக்குறது 25, படிக்கிறது 25, எழுதுறது 25, பேசுறது 25, மொத்தம் 100க்கு 50 எடுத்தா பாஸ், ஆனா எந்தப் பகுதியிலயும் 5க்கு கீழ போகக்கூடாது, அதாவது எழுதுறதுல கொட்டிட்டு பேசுறதுல வாயே திறக்காதவங்களுக்கு அங்க சர்டிஃபிகேட் கிடையாது. நாம அந்த அளவுக்கு உடனே போகணும்னு நான் கேக்கல. இன்டர்னல்ல இருக்கிற 25ல 10 மார்க்க பேச்சுக்கும் 5 மார்க்க கேட்டு எழுதுறதுக்கும் ஒதுக்கினாலே கிளாஸோட போக்கு மாறிடும், ஏன்னா பிள்ளைங்க மார்க் எங்க இருக்கோ அங்க உழைப்பாங்க, அது அவங்க தப்பு இல்ல.

நேரம் இல்ல, அறுபது பேருக்கு எப்படி வைவா எடுக்குறதுன்னு உடனே சொல்வாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 60 பேர ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சா 30 ஜோடி, ஜோடிக்கு பத்து நிமிஷம்னா 300 நிமிஷம், அதாவது அஞ்சு மணி நேரம், ஒரு வாரத்து பீரியட்ல முடிஞ்சு போற வேலை. நான் மார்க் இல்லாமலேயே இத செஞ்சு பாத்திருக்கேன். ஒருத்தர் கடலூர் பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கேக்குறவங்க, இன்னொருத்தர் கண்டக்டர், பிரெஞ்சுல பேசணும். கைடுல பாரிஸ் மெட்ரோதான் இருக்கும், கடலூர் பஸ் ஸ்டாண்ட் இருக்காது, அதனால மனப்பாடம் பண்ணி வர முடியாது. முதல்ல ரெண்டு பேரும் திருதிருன்னு முழிச்சாங்க, அப்புறம் கண்டக்டரா இருந்த பொண்ணு சில்லறை இல்லன்னு சொல்ல பிரெஞ்சுல என்னவோ ஒரு வழி பண்ணி, காசு சின்னது இல்ல, பெருசு மட்டும்தான் இருக்குன்னு சொன்னா, கிளாஸே கை தட்டுச்சு. அகராதிப்படி அது சரியான சொல் இல்ல, ஆனா ஒரு பிரெஞ்சுக்காரருக்கு நிச்சயம் புரிஞ்சிருக்கும். தனக்குத் தெரிஞ்ச நாலு சொல்ல வெச்சு தெரியாத ஒண்ண சொல்லிட்டா பாருங்க, மொழி படிக்கிறதுன்னா இதுதானே.

லேங்குவேஜ் லேப் இல்லன்றது இன்னொரு சாக்கு. ஒரு காலத்துல நியாயமா இருந்திருக்கலாம், இப்ப ஒவ்வொரு பிள்ளை கையிலயும் போன் இருக்கு, பிரெஞ்சு ரேடியோ சும்மாவே கேக்கலாம், கிளாஸுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தா எனக்குப் போதும். வாய்மொழித் தேர்வுல வேண்டியவங்களுக்கு மார்க் போட்டுடுவாங்கன்னும் ஒரு பேச்சு இருக்கு, அந்த பயத்த நான் தள்ளிவிட மாட்டேன். பேசுறத போன்ல ரெக்கார்ட் பண்ணி டிபார்ட்மென்ட்ல வெச்சா யார் வேணா கேட்டு சரிபாக்கலாம், பக்கத்து காலேஜ் பிரெஞ்சு டீச்சர வெளி எக்ஸாமினரா கூப்பிடலாம். உண்மையான தடை வேற. நிறைய காலேஜ்ல மொத்த பிரெஞ்சுக்கும் ஒரே ஒரு டீச்சர்தான், அதுவும் கெஸ்ட் லெக்சரரா, மணிக்கணக்குல சம்பளம் வாங்கிட்டு, அடுத்த வருஷம் இருப்போமா இல்லையான்னே தெரியாம. பேச்சுத் தேர்வு வைன்னு அவங்க தலையில இன்னொரு வேலைய கட்டுறதுக்கு முன்னாடி அந்த நேரத்துக்கு சம்பளம் குடுக்கணும். கிளாஸ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, பிளஸ் டூவுல பிரெஞ்சு படிச்சவங்களும் எழுத்தே தெரியாதவங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே முதல் பாடத்துலேருந்து ஆரம்பிக்கிறாங்க, முதல் கூட்டத்துக்கு கொட்டாவி, ரெண்டாவது கூட்டத்துக்கு பயம். சேரும்போதே பத்து நிமிஷம் பேசவெச்சுப் பாத்து ரெண்டு பேட்ச் பிரிக்கலாம்.

வாரத்துக்கு அஞ்சு பீரியட், செமஸ்டருக்கு பதினஞ்சு வாரம்னு குறைச்சு வெச்சாலும் நாலு செமஸ்டர்ல 300 மணி நேரம் வருது. உருப்படியா நடத்தினா ஏ2 லெவலுக்கு இது தாராளம், அதாவது கடையில, பஸ்ஸுல, ஆபீஸ்ல தன் விஷயத்த தானே பேசி முடிச்சுக்குற அளவு. கனடா கேக்குற லெவலுக்கு அதுக்கு மேல இன்னும் ரெண்டு படி ஏறணும், ஆனா அஸ்திவாரம் காலேஜ்லயே, தனியா ஒரு கோச்சிங் ஃபீஸும் இல்லாம கிடைச்சுடும். எங்க காலேஜ்ல படிக்கிறதுல பாதிப்பேர் வீட்டுல முதல் பட்டதாரி, சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய் பணம் கட்டி தனியா படிக்க அவங்களால முடியாது. அவங்களுக்கு கிடைக்கிற ஒரே பிரெஞ்சு கிளாஸ் இதுதான், அத இப்படி வீணாக்குறோம்.

தமிழ பத்தி கவலைப்பட்டு எழுதின அந்த வாசகருக்கும் சேத்து இன்னொரு கோரிக்கை. மொழிபெயர்ப்பு கேள்வியில இங்கிலீஷ்ல எழுதுன்னு மட்டும் இருக்கிறத, தமிழ் அல்லது இங்கிலீஷ்னு மாத்துங்க, திருத்துறதுல என்ன கஷ்டம் வந்தாலும் பரவாயில்ல. பிரெஞ்சு எடுத்த பிள்ளை தமிழ விட்டுட்டு ஓடிடுச்சுன்ற பேச்சு எனக்கும் வலிக்குது, ஏன்னா தமிழ் நல்லா தெரிஞ்ச பிள்ளைதான் என் கிளாஸ்ல பிரெஞ்ச சீக்கிரம் பிடிக்குது. ஒரு பிரெஞ்சு பத்திய நல்ல தமிழ்ல எழுதணும்னா ரெண்டு மொழியும் வேலை செஞ்சாகணும், கைடுல அதுக்கு ரெடிமேட் பதிலும் கிடைக்காது. பார்ட் ஃபோர்ல வர்ற அட்வான்ஸ்ட் தமிழ பிரெஞ்சு பசங்களுக்கு சனிக்கிழமை கடைசி பீரியட்ல ஒப்புக்கு நடத்தாம, அதுலயும் கொஞ்சம் மொழிபெயர்ப்ப சேத்தா இன்னும் நல்லது.

இதுக்கெல்லாம் சட்டமன்றத்துல மசோதா கொண்டு வரவேண்டியதில்ல. யுனிவர்சிட்டியோட பாடத்திட்டக் குழு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸ், ஒரு கூட்டத்துல பேசி சிபாரிசு பண்ணலாம், தன்னாட்சி காலேஜ்களுக்கு அந்த அதிகாரம் அவங்க கையிலயே இருக்கு, இன்டர்னல் மார்க்க பிரிக்கிறத வர்ற ஜூன்லயே ஆரம்பிக்கலாம். பெற்றோர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். அட்மிஷனுக்கு வர்றப்ப பிரெஞ்சுல எவ்வளவு மார்க் வரும்னுதான் எல்லாரும் கேக்குறீங்க. அதோட, உங்க காலேஜ்ல பிரெஞ்சுக்கு பேச்சுத் தேர்வு உண்டா, அதுக்கு எத்தனை மார்க், யார் வந்து எடுக்குறாங்கன்னும் கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் ஃபார்ம்ல அந்தக் கட்டத்த நிரப்பாதீங்க.

இப்படிக்கு,
பிரெஞ்சு ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்